நடத்தை விசாரிக்க வந்த ஆபீசர்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் முதலில் உங்கள் பதவியின் பெயரைப் பற்றித்தான் பேச வேண்டும். நன்னடத்தை அலுவலர். நியமன உத்தரவில் படிக்க எவ்வளவு கௌரவமாக இருக்கிறது. அதையே ஒரு தெருமுனையில், நாலு பெண்கள் குடத்தோடு நிற்கிற நேரம் பார்த்து உரக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்காது. எனக்கு அது மாணவனாக இருந்தபோதே தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, அதில் பாதி இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அறுபதுகளின் நடுவில் சென்னையில் பல்கலைக்கழகத்தில் குற்றவியலும் சீர்திருத்தப் பணியும் படித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்பதையே அப்போது யாருக்கும் புரியவைக்க முடியாது. என் அப்பா கடைசிவரை நான் போலீசுக்குப் படிப்பதாகத்தான் உறவுக்காரர்களிடம் சொல்லிவந்தார். மாமா ஒருவர், "வக்கீலா வருவியா, ஜெயில் வார்டரா வருவியா, ரெண்டுல ஒண்ணைச் சொல்லு, பொண்ணு வீட்டுக்காரங்க கேக்கறாங்க" என்று நெருக்கினார். எனக்கே பதில் தெரியாது.

வகுப்பில் எல்லாம் ஆங்கிலம். பிறவிக் குற்றவாளி, பழக்கக் குற்றவாளி, சந்தர்ப்பக் குற்றவாளி என்று வகைவகையாகப் பிரித்து வைத்திருப்பார்கள். உதாரணங்கள் லண்டனிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் வரும். எங்கள் பேராசிரியர் நல்ல மனிதர். எந்த வழக்கை எடுத்தாலும் இரண்டே கேள்விதான் கேட்பார்: காரணம் என்ன, பலன் என்ன? இந்த இரண்டுக்கும் பதில் எழுதத் தெரிந்தால் பாஸ் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

களப்பணிக்கு என்னைச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த அதிகாரிக்கு அன்றைக்கு நல்ல காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு என்னிடம் ஒரு வழக்கை நீட்டினார்.

"உத்திரமேரூர் கோர்ட். பொம்பளை, முதல் குற்றம், சின்னத் திருட்டு. சுலபமான கேஸ். போய் விசாரிச்சு எழுதிக் குடுத்துடுங்க" என்றார்.

இந்த 'சுலபம்' என்ற வார்த்தையை உங்களிடம் யாராவது சொன்னால் அன்றைக்கு நீங்களும் காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள்.

வழக்கு இதுதான். மானாம்பதிக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். பச்சையம்மா என்ற கூலிக்காரப் பெண், தான் வேலை செய்யும் குடியானவர் வீட்டிலிருந்து ஒரு சிறு மூட்டை வேர்க்கடலையை எடுத்துக்கொண்டு போய் வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். மூன்று பிள்ளைகள், கடைசி இன்னும் பால்குடி. கோர்ட்டில் கேள்வியை முடிப்பதற்குள்ளேயே எடுத்தேன் என்று சொல்லிவிட்டாள். மாஜிஸ்திரேட்டுக்கு அவளை ஜெயிலுக்கு அனுப்ப மனமில்லை. முதல் தப்புக்காரர்களை ஒழுங்காக இருப்பதாகப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, நம் மாதிரி ஒரு அதிகாரியின் கண்காணிப்பில் வீட்டிலேயே விட்டுவைக்கச் சட்டம் இருக்கிறது. அதற்கு அவள் தகுதியா என்று பார்த்து அறிக்கை கொடுப்பதுதான் எனக்கு வந்த வேலை.

நாங்கள் ஒரு ஊருக்குப் போகுமுன் அங்குள்ள கிராம முன்சீப்புக்குச் சொல்லி அனுப்புவது வழக்கம். ஆட்கள் கழனிக்குப் போய்விடாமல் வீட்டில் இருப்பார்கள் அல்லவா. அப்படியே சொல்லி அனுப்பினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி முதலில் குடியானவரைப் போய்ப் பார்த்தேன். கடலைக்காக இவ்வளவு தூரம் கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"துன்ற கடலைய எடுத்திருந்தா நானே போவட்டும்னு வுட்டிருப்பேன் சார். விதைக்கு வெச்சத எடுத்துட்டா. பட்டத்துக்கு நான் இன்னாத்த போடுவேன்? அத்த கேளுங்க மொதல்ல."

சட்டத்தின் கணக்கில் அது அற்பத் திருட்டு. அவர் கணக்கில் ஒரு போகமே போய்விட்டது. யார் கணக்கை அறிக்கையில் எழுதுவது என்று எனக்குக் குழப்பம் அப்போதே ஆரம்பித்தது.

பச்சையம்மா இருந்த தெருவுக்குள் நுழைந்தேன். அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து உள்ளே போனாள். குடத்தோடு வந்தவள் திரும்பி வேறு வழியாகப் போனாள். ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண்ணிடம், "பச்சையம்மா எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"எங்குளுக்கு ஒண்ணும் தெரியாது சார். நாங்க எதியும் பாக்கல" என்றாள்.

"பார்க்கிறதுக்கு இதில் என்ன இருக்கிறது?" என்றேன்.

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே இன்னொருத்தியும் சிரிப்பது கேட்டது. கடலைத் திருட்டில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் விழித்தேன்.

பச்சையம்மாவின் வீட்டில் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். புருஷன் கன்னியப்பன் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வேறொரு குடியானவரிடம் ஏர் ஓட்டுகிறவன். வந்தவனை உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை. நான் நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிற உற்சாகத்தில் இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை.

"ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு பத்திரத்தில் கைநாட்டு வைத்தால் போதும். ஒரு வருஷம், மாசம் ஒருதரம் ஆபீசர் வந்து பார்ப்பார். அவ்வளவுதான்" என்றேன்.

"மாசம் ஒருக்காவா?" என்றான் கன்னியப்பன். "எங்க, வூட்டுக்கா?"

"ஆமாம், வீட்டுக்குத்தான்."

"நான் கழனிக்கி போயிருப்பேனே சார்."

"அதனால் என்ன? நீங்கள் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்தம்மாவைப் பார்த்துப் பேசினால் போதும்."

கன்னியப்பன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைத் தாண்டி வெளியே போய்விட்டான். பச்சையம்மா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நான் ஜெயிலுக்கே போறேன் சார்."

"கைக்குழந்தையை வைத்துக்கொண்டா?"

"அதுவும் என்னோட வரட்டும்."

"மற்ற இரண்டும்?"

அவள் தோள் குலுங்கியது. பிறகு சொன்னாள்: "கடலைய எடுத்தேன். எடுத்தத எடுத்தேன்னு சொல்லிட்டேன். அத்தோட வுடாம இன்னாத்துக்கு சார் வேற பேச்செல்லாம் பேசிக்கினு வர்றீங்க?"

வேறு என்ன பேசினேன்? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உடனே படிப்பு உதவிக்கு வந்தது. வெளியுலகத்துக்குப் பயந்து சிறையையே பாதுகாப்பாக நினைக்கும் மனநிலை என்று ஒரு அத்தியாயம் படித்திருந்தேன். இவள் அந்த வகைதான் என்று முடிவு கட்டினேன். வாழ்நாளில் ஜெயில் வாசலையே பார்க்காதவள் அதற்கு ஏங்க முடியுமா என்று யோசிக்கவில்லை.

ஏரிக்கரை ஓரமாகக் கன்னியப்பனைப் பிடித்தேன். அவன் நிற்காமலே பேசினான்.

"சார், இவ திருடிட்டா. ஜெயிலுக்கு போவட்டும். போய்ட்டு வந்தா வூட்ல சேத்துக்கறேன், புள்ளைங்கள நான் பாத்துக்கறேன். அந்தப் பத்திரத்துல மட்டும் கைநாட்டு வெச்சிட்டான்னு வெச்சிக்க, என் வாசப்படி மெறிக்கக் கூடாது. அவளாண்டயும் சொல்லிட்டேன்."

"அதுதான் ஏன் என்று கேட்கிறேன்."

"ஏன்னு என்னியே கேக்குறீங்களே சார். நீங்கதான வந்தீங்க."

இதைச் சொல்லிவிட்டு வரப்பில் இறங்கிப் போய்விட்டான். பெண்டாட்டியை ஜெயிலுக்கு அனுப்பத் துடிக்கிறான், ஆனால் கோபம் அவள் மேல் மட்டும் இல்லை, என் மேலும் இருக்கிறது. நான் என்ன செய்தேன்?

அந்த ஊர்த் தலையாரி என்னைப் பஸ் ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். முன்சீப் சொல்வதை ஊருக்குள் போய்ச் சொல்வது அவர் வேலை. என்னைவிட மூத்தவர், தன் வேலையில் பெருமை உள்ளவர்.

"பாத்தீங்களா சார், எல்லாரும் வூட்லயே இருந்தாங்கல்ல? காலீலியே தெருத்தெருவா சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீர்கள்?" சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"முன்சீப்பு சொன்னததான் சார் சொன்னேன். 'பச்சம்மா நடத்தைய விசாரிக்க செங்கல்பட்லேந்து ஆபீசர் வராரு, யாரும் கழனிக்கி போவாதீங்க'ன்னு."

நடுரோட்டில் நின்றுவிட்டேன்.

"நடத்தை இல்லை ஐயா, நன்னடத்தை. நான் நன்னடத்தை ஆபீசிலிருந்து வருகிறேன்."

"அதான் சார் நானும் சொன்னேன்."

"இரண்டும் வேறு."

"இன்னா சார் வேற? நடத்தை நல்லா கீதா இல்லியான்னு பாக்கத்தான வந்தீங்க?"

அவர் சொன்னது சரி. அதைத்தான் பார்க்க வந்திருந்தேன். நம் மொழியில் ஆம்பளையின் நடத்தை என்றால் குடி, சண்டை, ஊதாரித்தனம் என்று நாலும் அடங்கும். பொம்பளையின் நடத்தை என்றால் ஒன்றே ஒன்றுதான். அது அந்தத் தெருக்காரர்களுக்கு மட்டும் இல்லை, எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் வகுப்பில் நாங்கள் படித்தது 'கண்டக்ட்' என்ற சொல்லை. அதைக் கேட்டால் அதிகம் போனால் பஸ் கண்டக்டர் நினைவுக்கு வருவார். அந்த ஆங்கிலச் சொல்லோடு பஸ் ஏறிய நான் மானாம்பதியில் வேறு சொல்லோடு இறங்கியிருக்கிறேன்.

ஒரு வெள்ளைச் சட்டைக்காரன் அவள் நடத்தையை விசாரிக்க வருகிறான். புருஷன் இல்லாத நேரத்தில் மாசாமாசம் வீட்டுக்கு ஆபீசர் வருவார் என்று வேறு சொல்கிறான். இனி நடத்தை நன்றாக வைத்துக்கொள்கிறேன் என்று பத்திரத்தில் கைநாட்டு வைத்தால், இதுவரை நன்றாக இல்லை என்று அவளே கோர்ட்டில் ஒப்புக்கொண்டதாக ஆகும். ஜெயில் என்றால் வெறும் திருட்டோடு போகும்.

என் முகத்தைப் பார்த்துத் தலையாரிக்கும் ஏதோ உறைத்தது. உதவி செய்யத் துடித்தார்.

"வோணும்னா இன்னொரு தபா சொல்லிடட்டுமா சார்? 'பச்சம்மா நடத்தைல ஒண்ணும் கோளாறு இல்ல, ஆபீசரே வந்து பாத்துட்டாரு'ன்னு."

அவர் கையைப் பிடித்து, ஐயா, தயவுசெய்து ஒன்றும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். திரும்பிப் போய் நானே விளக்கலாமா என்று பார்த்தேன். ஒரே நாளில் இரண்டாவது தடவை அந்த வீட்டுக்குப் போனால் எப்படி இருக்கும்? போகாவிட்டால் நாளைக்குக் கோர்ட்டில் அவளை வேலூர் பெண்கள் ஜெயிலுக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள். இரண்டு கால்களும் இரண்டு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தபோது பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அது சரியா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

மறுநாள் உத்திரமேரூர் கோர்ட்டில் பாதி ஊர் வந்திருந்தது. கடலைக்காக யாரும் வரவில்லை என்பது இப்போது எனக்குத் தெரியும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பச்சையம்மாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்துவிட்டு மறுபடி அவளைப் பார்த்தார்கள். கன்னியப்பன் வாசற்படிக்கு வெளியே, உள்ளே வராமல் நின்றான்.

மாஜிஸ்திரேட் வயிற்று வலிக்காரர். சுருக்கமாகப் பேசினால்தான் பிடிக்கும். குமாஸ்தா பத்திரத்தை உரக்கப் படித்தார். "ஒரு வருட காலத்துக்கு நன்னடத்தையுடன்" என்று அவர் ஆரம்பித்ததும் ஜன்னலில் ஒருவன் இருமினான். அது இருமல் இல்லை.

"சம்மதமா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"வோணாம் சாமி. ஜெயிலுக்கு அனுப்பிடுங்க" என்றாள் பச்சையம்மா. குழந்தை இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் தலை குனிந்தது குனிந்தபடியே இருந்தது.

மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பினார். "என்ன ஐயா இது? அவளே வேண்டாம் என்றால் நான் என்ன செய்ய? காரணம் ஏதாவது தெரியுமா?" போலீஸ்காரர் வாரண்டுக்குக் கையை நீட்டத் தயாராக நின்றார்.

எழுந்தேன். இந்த ஊர்க்காரர்கள் காதில் விழாமல் சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. இரண்டு வாக்கியம் போயிருக்கும். வாசலில் கன்னியப்பனின் முகம் கண்ணில் பட்டது. அவனுக்குப் புரியாத பாஷையில், அவன் பெண்டாட்டியைக் காட்டிக் காட்டி, இரண்டு ஆண்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் என்ன சொல்கிறோம் என்பதை அந்த ஜன்னலில் நிற்கிற ஒவ்வொருவரும் அவரவர் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நடுவாக்கியத்தில் நிறுத்தினேன். அடுத்து என்ன என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. வாயில் வந்தது கடலைதான்.

"ஐயா, இது கடலைக் கேஸ்" என்றேன், கத்தலாகவே.

"தெரிகிறது" என்றார் மாஜிஸ்திரேட்.

"கடலையைத் தவிர இதில் வேறு எதுவும் இல்லை. கடலையை விசாரிக்கத்தான் நான் அந்த ஊருக்குப் போனேன். வேறு எதையும் விசாரிக்கப் போகவில்லை." பச்சையம்மாவின் பக்கம் திரும்பினேன். "எந்தக் கடலைம்மா அது? எண்ணெய் ஆட்டுவதற்கு வைத்ததா, விதைக்கு வைத்ததா?"

"விதைக்கி வெச்சது சார்."

"விதை என்று தெரிந்துதான் எடுத்தாயா?"

"தெரிஞ்சிதான் எடுத்தேன். புள்ளைங்க பசி பசின்னு அய்துதுங்க."

"தோலோடா, உரித்ததா?"

"தோலோட."

கோர்ட்டில் இப்படி ஒரு குறுக்கு விசாரணை நடந்திருக்காது. மாஜிஸ்திரேட் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்தது, புரிந்ததா இல்லையா, நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"விதையைத் தின்பாளா ஒருத்தி?" என்று ஆரம்பித்தார். "உன் புள்ளைக்குப் பசி, சரி. போய்க் கேட்டாயா? கேட்டால் ஒரு படி போட மாட்டானா? விதையில் கை வைத்தால் அவன் நிலத்தில் எதைப் போடுவான்? அவன் போடவில்லை என்றால் உனக்குக் களை எடுக்கிற வேலை எங்கிருந்து வரும்? திருடி. விதைத் திருடி."

சுருக்கமாகப் பேசுகிற மனிதர் அன்றைக்கு நிறுத்தவே இல்லை. குடியானவர், தான் சொல்ல நினைத்ததையெல்லாம் இன்னொருவர் சொல்கிற திருப்தியில் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஜன்னலில் நின்றவர்களுக்குச் சுவாரசியம் போய்விட்டது. ஒவ்வொருவராகக் கம்பியை விட்டு நகர்ந்தார்கள்.

பச்சையம்மா தலையை நிமிர்த்தினாள். ஊரறியத் திருடி திருடி என்று ஒருவர் திட்டத் திட்ட அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. "தப்புதான் சாமி, விதைய எடுத்தது தப்புதான்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. கன்னியப்பன் வாசற்படியைத் தாண்டி ஒரு அடி உள்ளே வந்து நின்றான்.

"எச்சரித்து விடுகிறேன்" என்றார் மாஜிஸ்திரேட். "பத்திரம் வேண்டாம். ஆபீசரும் வர வேண்டாம்." சட்டத்தில் அதற்கும் இடம் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது பச்சையம்மா கொஞ்சம் எட்டவே நின்று கேட்டாள்:

"நீங்க எங்க ஊருக்கு வரமாட்டீங்கல்ல சார்?"

"வரமாட்டேன்."

"வேற யார்னா?"

"யாரும் வரமாட்டார்கள்."

"அது போதும் சார்" என்றாள். கன்னியப்பன் முன்னால் போய்க்கொண்டிருந்தவன் திரும்பி, "வா மே, பஸ்ஸு பூடும்" என்றான். அவன் அவளோடு பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீக்கடையில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. பேராசிரியர் வழக்கம்போல் பலன் என்ன என்று கேட்டார். நல்ல பலன் என்றேன்.

"திரும்பப் போய்ப் பார்த்தீர்களா?"

"இல்லை சார். போகாததுதான் பலன்."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. போய்ப் பார்க்காமல் பலனைச் சொல்வது ஜோசியம், குற்றவியல் இல்லை என்றார். அவர் சொன்னதில் தப்பே கிடையாது. கன்னியப்பனின் மனசு நிஜமாகவே தெளிந்ததா? குடித்துவிட்டு வந்த ஒரு நாளில் அந்த வார்த்தையை எடுத்து அவள் மேல் வீசினானா? போய்ப் பார்த்தால்தான் தெரியும், போனால் கெட்டுவிடும். இத்தனை வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும் இந்த முடிச்சை எனக்கு அவிழ்க்கத் தெரியவில்லை. பிற்பாடு நான் பெண்கள் இருக்கும் தெருவில் பதவியின் பெயரைச் சொன்னதே இல்லை, கோர்ட் ஆபீசிலிருந்து வருகிறேன் என்பேன். அது மழுப்பல் என்று கூட இருந்தவர்கள் குறை சொன்னார்கள். மழுப்பல்தான். நீங்கள் வேறு நல்ல சொல் கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள்.

ஒரே ஒரு முறை அவளைப் பார்த்தேன், தேடிப் போகாமல். படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்த பிறகு உத்திரமேரூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மானாம்பதி தாண்டி நாலைந்து பெண்கள் கையில் அரிவாளோடு ஏறினார்கள். அறுப்புக்குப் போகிறவர்கள். அதில் அவள் ஒருத்தி. ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே வந்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டேன். கொஞ்சம் அதிகமாகவே பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்தவள் அவளை இடித்தாள்.

"யாரு மே அது? உன்னியே பாத்துக்கினு வராரு."

பச்சையம்மா என்னை நேராகப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது, அது கண்ணிலேயே தெரிந்தது.

"யாரோ. எனக்கு இன்னா தெரியும்" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர்களைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். நான் இறங்க வேண்டிய இடம் வந்தது, போனது. அவர்கள் இறங்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.